குடம்பி இல்லாத கிணறு

நுளம்புக் குடம்பி இல்லாத கிணற்றைக் கண்டால் சந்தோசப்பட வேண்டும் என்றுதான் எனக்குப் படிப்பித்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக இருந்த காலம் முழுவதும் ஊரவரின் கிணறுகளையும் பூச்சாடிகளையும் எட்டிப் பார்த்து, டெங்கு நுளம்பாக வளரப்போகும், தண்ணீருக்குள் நெளியும் அந்தச் சின்னப் புழுக்களைக் கண்டுபிடித்து, வீட்டுக்காரரோடு சண்டை பிடிப்பதே என் பிழைப்பு. ஒரேயொரு கிணற்றில் அந்தப் புழு இல்லாததைக் கண்டு எனக்கு முதுகு சில்லிட்டது. அந்தக் கிணற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எழுதச் சொன்னவர்கள் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள். கோப்பாயில் என் வீட்டுக்கு வந்து கிணற்றுக்குள் ஒரு கருவியை இறக்கினார்கள். அது இலக்கங்களைக் கைபேசிக்கு அனுப்பியது. கைபேசி வரைபடத்தில் என் வளவு ஒரு பச்சைப் புள்ளியாக விழுந்தது. நல்ல சாமான், எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது. ஆனால் என் மனைவி எந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டாள் என்று வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு அன்ரி" என்றார்கள். எனக்குக் கோபம் வந்து இரண்டு வார்த்தை கூடக் கதைத்துவிட்டேன். "அப்ப ஏன் எண்டு எழுதித் தாங்கோவன் ஐயா" என்றாள் ஒரு பிள்ளை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் வேண்டும், இறைச்சிக் கடைக்கு எப்படி வலை அடிக்க வேண்டும், குளோரின் தூளை எப்படிக் கரைத்து ஊற்ற வேண்டும் என்பவற்றைக் கரைத்துக் குடித்தோம். கிருமி என்றால் எங்களுக்குக் கொல்லத் தெரியும். இரசாயனத்தை ஒரு மத்தியானம் மட்டும் படிப்பித்தார்கள், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

ஆகவே இரசாயனத்தை எனக்குப் படிப்பித்தவர் டொக்டர் ஜெசிந்தாதான். எங்கள் பகுதிக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக வந்தவர். குருநகர்க் கடற்றொழில் குடும்பம். கட்டையான உருவம், ஆம்பிளைக் குடை, கழுத்தில் சின்னச் சிலுவை. ஆய்வுகூட அறிக்கை வந்தால் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"நடராசா, தண்ணியிலை என்ன கிடக்கெண்டு பேந்து பாப்பம். அது எங்கையிருந்து வருது, எதுக்குள்ளாலை வருது, ஆரின்ரை வயித்துக்குள்ளை போகுது? உதை முதல் சொல்லும்."

மூன்றில் ஒன்றுக்கு எனக்கு விடை தெரியாவிட்டாலும் அறிக்கையைத் திருப்பமாட்டார். குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். நஞ்சு நிலத்துக்குள் கிடந்தால் அது வெறும் நஞ்சு, ஒருவருடைய வாய்க்குப் போக வழி கிடைத்தால்தான் அது எங்கள் வேலை என்பது அவருடைய கட்சி. அந்த வழியைத் தேடி அவர் நேரே குசினிக்குத்தான் போவார். நிலத்தில் சம்மணமிட்டு இருந்துகொண்டு, அடுப்பில் கேத்தில் ஏறுவதையும் அதற்குள் தண்ணீர் எந்தப் பாத்திரத்திலிருந்து விழுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஊற்றித் தருவதைக் குடிக்கமாட்டார். எங்கள் ஊர்களில் தேத்தண்ணியை மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி. அதனால் "எனக்கு இண்டைக்கு விரதம் பிள்ளை" என்பார். கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் முழிப்பார்கள். வெளியே வந்து கேட்டால், "எங்களுக்கும் விரதம் இருக்குதுதானே. என்ன, எனக்குக் கொஞ்சம் கனக்க" என்று சிரிப்பார்.

மாதிரி எடுப்பதிலும் பிசகவிட மாட்டார். வீட்டு வாளியால் அள்ளக்கூடாது; அதே வாளியில் யாராவது பயிருக்கு மருந்து கலக்கியிருப்பார்கள். நாங்களே பாரம் கட்டிய மண்ணிறக் கண்ணாடிப் போத்தலை இறக்க வேண்டும். "பிளாஸ்ரிக் போத்தலிலை எடுத்தால் மருந்து போத்தலிலை ஒட்டிக்கொண்டு நிண்டிடும். தண்ணி மட்டும் நல்லபிள்ளையாக் கொழும்புக்குப் போகும்" என்பார். பென்சிலால்தான் பெயர் எழுத வேண்டும், ஐஸ் உருகினால் பேனை மை ஓடிவிடும். இவையெல்லாம் இப்போது கைந்நூலில் இருக்கின்றன. அப்போது அவருடைய வாயில்தான் இருந்தன.

இனி அந்த ஊர். தெல்லிப்பழைக்கு வடக்கே, கடற்காற்று வந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் பெண் கேட்டு வருகிறார்கள், காணி வாங்க வருகிறார்கள். போரில் எல்லோரும் எழும்பி ஓடிய ஊர் அது. முப்பது வருடத்துக்குக் கிட்டக் கம்பிவேலிக்குள் கிடந்து, பிறகு சனங்களிடம் திரும்ப வந்தது. நான் முதன்முதல் போனபோது கூரையில்லாத வீடுகளுக்குள் ஆலமரங்கள் நின்றன. வாசலில் படலைத் தூண்கள் நின்றன, படலைகள் இல்லை. முன்பு ஆட்கள் நடந்த ஒழுங்கை நடுவில் கறையான் புற்று ஆளுயரத்துக்கு எழும்பியிருந்தது. முகாம்களிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் காணியைக் கண்டுபிடித்த விதம் ஒன்றுதான். பற்றைக்குள் நுழைந்து கிணற்றைத் தேடினார்கள். வீடு அழிந்தாலும் கிணறு இருந்த இடத்தில் இருக்கும்.

வந்து குடியேறிய சில மாதங்களில் ஊருக்குள் ஒரு கதை உலாவத் தொடங்கியது. பெண்களுக்கு வாயைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறதாம். பகலில் வேலை செய்துகொண்டு நிற்கும்போதே கை தானாக நடுங்குகிறதாம். சந்தைக்குப் போக சைக்கிளில் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் அப்படியே விழுந்து வலிப்பெடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவருக்கு முன்பு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. இத்தனை சாவு கண்ட மண், ஆளில்லாமல் கிடந்த ஊர். காத்துக் கறுப்பு என்றார்கள். படலைகளில் தேசிக்காயும் மிளகாயும் தொங்கின. எனக்கு இந்தக் கதை தெரியாது. நான் டெங்கு வேலைக்காகப் போனவன்.

மலரின் வீடு ஊரின் நடுவில் இருந்தது. ஐம்பது வயதுக்குக் கிட்டிய பெண், நிமிர்ந்த நடை. கணவர் சண்முகநாதன் தோட்டக்காரர், அதிகம் கதைக்காதவர். மகள் தர்சினி ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும் என்று வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். மலர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"நல்லாப் பாருங்கோ ஐயா. உங்கடை புழு ஒண்டும் இதுக்குள்ளை இல்லை."

பார்த்தேன். அவ்வளவு தெளிந்த தண்ணீரை நான் கண்டதில்லை. அடியில் கிடந்த கற்கள் ஒவ்வொன்றும் கைக்கெட்டும் போலத் தெரிந்தன. குடம்பி இல்லை. தவளை இல்லை. தண்ணீரின் மேலே ஓடித் திரியும் பூச்சிகள் இல்லை. சுவர்ப் பொந்தில் ஒரு சிலந்தி வலைகூட இல்லை. ஆட்கள் துப்புரவாக்கிய கிணறுதான், ஆனால் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் கிணற்றை ஒரு நுளம்பாவது தேடி வராமல் இருக்காது. எட்டிப் பார்த்த என் முகம் மட்டும் உள்ளே அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் பின்னுக்கு வந்தேன்.

மறுநாள் மலேரியாத் தடுப்புத் தொட்டியிலிருந்து குடம்பி தின்னும் மீன்களைப் பையில் கொண்டுபோய் அந்தக் கிணற்றில் விட்டேன். வழக்கமாக விட்டவுடன் சிதறி ஓடும். இவை கொஞ்சத் தூரம் ஆழத்துக்குப் போயின, திரும்பி வந்தன. பிறகு எல்லாம் சுவரோரமாக வட்டத்தில் வரிசையாக நின்று, தலையைக் கல்லில் முட்டத் தொடங்கின. கல்லுக்குள் நுழைந்து போய்விடலாம் என்று நினைத்தனவோ என்னவோ, விடாமல் முட்டின. மலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். விரதம் என்றேன். அவள் குசினிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"இடம் பழக்கமில்லைப் போலை" என்றாள் மலர். பின்னால் தர்சினி ஒரு கையை வயிற்றில் வைத்தபடி செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள்.

டொக்டரிடம் ஓடினேன். அவர் அன்றைக்கே அந்தக் கிணற்றை மூடச் சொல்லி எழுதினார், பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பவும் ஏற்பாடு செய்தார். கிணற்றுக்குத் தகரம் போட ஆள் வருவதற்குள் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து வீடு வீடாக மாதிரி எடுத்தது. நான் அன்றைக்கு வேறோர் ஊரில் நின்றேன். முடிவு வந்தபோது, பழைய காலத்தில் பயிருக்கு அடித்து, இப்போது தடை செய்யப்பட்டிருக்கும் ஒரு பூச்சிமருந்து என்று தெரிந்தது. நிறமில்லை, மணமில்லை. கிணற்று மீனுக்குத் துளி போதும், மனிதருக்கு மெல்ல மெல்ல நரம்பில் ஏறும். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்டேன். "தெரியாது நடராசா. தெரியாதெண்டுதான் எனக்குப் பயம்" என்றார் டொக்டர்.

அறிக்கையோடு வந்த வரைபடம்தான் எங்களைக் குழப்பியது. நஞ்சு கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். மலர் வீட்டுக்குச் சிவப்பு. சரி. வடக்கு ஒழுங்கையில் பல வீடுகளுக்குச் சிவப்பு. நடுவில் ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு மறுபடி சிவப்பு. கிழக்கே வெகுதூரம் தள்ளித் தனியாக ஒரு சிவப்பு. தெற்கு ஒழுங்கை மலர் வீட்டுக்கு மிகக் கிட்ட, அங்கே ஒரு வீட்டுக்கும் இல்லை. எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே குகையும் ஓடையும் இருப்பது உண்மை. அதனால் பொறியியலாளர்கள் நிலத்தடி ஓடைகளை வளைத்து வளைத்துக் கீறினார்கள். அவர்கள் கீறிய எந்தக் கோடும் அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தவில்லை. வாசல் வாசலாக நடந்து, சில படலைகளைத் தட்டி, சிலவற்றை விட்டுவிட்டுப் போன ஏதோ ஒன்றின் தடம் மாதிரி இருந்தது அது. படித்த எனக்கே அப்படித் தோன்றினால் ஊரார் தேசிக்காய் கட்டியதில் என்ன பிழை?

இந்த வரைபடத்தால் வந்த பெரிய கேடு வேறு. ஊர்க் கிணறு எல்லாம் பழுது என்று கதை பரவிவிட்டது. மறுபடி எல்லோரையும் எழுப்பிவிடப் போகிறார்கள் என்று பயந்தார்கள். பவுசர் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வசதி ஒருவருக்கும் இல்லை. மலர் கிணற்றை மூடியிருந்த தகரத்தை எடுத்துவிட்டாள்.

"எல்லாக் கிணறும் பழுதெண்டால் என்ரை கிணத்தை மட்டும் என்னத்துக்கு மூடுறது?" என்று என்னோடு பாய்ந்தாள். "முகாமிலை எத்தினை வரியம் மற்றவையின்ரை கிணத்தடியிலை பேச்சு வாங்கினனாங்கள் தெரியுமோ? என்ரை கிணத்திலை அள்ளி என்ரை பிள்ளைக்குக் குடுக்கிறன். எங்கடை கிணறு எங்களைக் கொல்லாது."

தர்சினியின் கையைப் பார்த்தேன். செம்பைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல நடுங்கின. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

டொக்டர் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார். குடையை எடுத்தார். வடக்கு ஒழுங்கையில் சிவப்பு விழுந்த ஒரு வீட்டுக்குப் போனோம். முதல் வேலையாக அந்த வீட்டுக் கிணற்றில் மீனை விட்டேன். சிதறி ஓடியது. காத்திருந்தோம். உயிரோடு திரிந்தது. நல்ல கிணற்றுக்கு ஏன் சிவப்பு விழுந்தது என்று எனக்கு விளங்கவில்லை. டொக்டர் குசினிக்குள் போய் நிலத்தில் இருந்தார். அந்த வீட்டு இளம் பெண் மூலையில் இருந்த எவர்சில்வர் குடத்தைச் சரித்துக் கேத்திலை நிரப்பினாள்.

"உந்தக் குடத்துத் தண்ணி எங்கையிருந்து பிள்ளை?"

"அது மலரக்கா வீட்டுத் தண்ணி. எங்கடை கிணறு சவர், உப்புக் கரிக்கும். தோய, குளிக்கத்தான் சரி."

"கொழும்பாலை வந்தவைக்கும் உதைத்தானோ குடுத்தனீர்?"

"ஓம். குடிக்கிற தண்ணி தாங்கோ எண்டு கேட்டவை. தூர இடத்திலையிருந்து வந்த ஆக்களுக்குச் சவர்த் தண்ணியே குடுக்கிறது? போத்தலுக்குள்ளை நான்தான் வாத்து விட்டனான்."

அந்தக் குழு கிணற்றுத் தண்ணீரைக் கேட்டதாக நினைத்தது. ஊர்ச் சனம் விருந்தாளிக்கு வீட்டில் உள்ள நல்லதைக் கொடுத்தது. நிலத்துக்குக் கீழே எந்த ஓடையும் இல்லை. மலர் தன் வேலியில் ஆள் நுழையப் பிரித்து வைத்திருந்த பொட்டுக்குள்ளால், பெண்களின் இடுப்பில் ஏறி, நஞ்சு வீடு வீடாக நடந்து போயிருக்கிறது. கிழக்கே தனியாக நின்ற சிவப்பு, மலரின் தங்கை வீடு. நடுவில் விடுபட்ட வீட்டுக்காரர் காணி எல்லைத் தகராறில் மலர் வீட்டோடு கதையில்லாதவர்கள்.

"அப்ப தெற்கு ஒழுங்கை?" என்று கேட்டேன். "அவை இவ்வளவு கிட்ட இருக்கினம்."

இளம் பெண் கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவை வாறேல்லை."

"ஏன்?"

"மலரக்கா வரச் சொன்னவ. இப்ப ஆரும் வரலாம், ஆரும் அள்ளலாம் எண்டவ. அவை வரேல்லை." குரலைத் தாழ்த்தினாள். "முந்தி அவையை வாளியிலை தொட விடுறேல்லையாம். படலைக்கு வெளியிலை குடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினமாம். மலரக்காவின்ரை அப்பா எட்ட நிண்டு வாத்து விடுவாராம்."

அப்படித்தான் அவர்கள் காத்து நின்று களைத்து, தங்கள் ஒழுங்கையில் கல்லை உடைத்துத் தாங்களே ஒரு கிணறு தோண்டினார்கள். அதிலும் நல்ல தண்ணீர்தான் ஊறியது. திரும்பி வந்தவுடன் அந்தக் கிணற்றைத்தான் முதலில் துப்புரவாக்கினார்கள். மலரோடு பிணங்கிய அந்த ஒரு வீட்டைத் தவிர, ஊரில் கை நடுங்காதவர்கள் அவர்கள் மட்டும்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, நான் எந்த ஒழுங்கைக்காரன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கேயிருந்து என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதற்கு விடை சண்முகநாதனின் வாயிலிருந்து வந்தது. போருக்கு முன் உங்கள் காணிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டபோது, கலியாண வீட்டுக் கதை சொல்வது போலச் சொன்னார். "மருந்துக் கடை. புகையிலைக்கும் மிளகாய்க்கும் அங்கைதான் வாங்குறனாங்கள். கடைக்காரர்தான் எனக்கு மாப்பிளைத் தோழன்."

பின்னால் போய்ப் பார்த்தோம். கடை இல்லை. யாரோ எப்போதோ இயந்திரத்தால் எல்லாவற்றையும் தள்ளிச் சமப்படுத்தியிருந்தார்கள். சுற்றிவர ஊர் முழுக்கக் கறையான் புற்று. அந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. மண்ணோடு மண்ணாக ஒரு கதவு நிலை கிடந்தது. பூவரசம் பலகை. மழையிலும் வெயிலிலும் அத்தனை வருடம் கிடந்தும் கறையான் ஒரு வாய் வைக்கவில்லை; தச்சன் நேற்று இழைத்து வைத்த மாதிரி இருந்தது. எறும்புகூட ஊரவில்லை. நான் குனிந்து அதைத் தொடப் போனேன், டொக்டர் என் கையைக் குடையால் தட்டிவிட்டார்.

"அதிலை கை வையாதையும்."

அங்கே தோண்டியபோது தூர்ந்துபோன ஒரு பழைய கிணறு வந்தது. கடையின் தகரங்களும் போத்தல்களும் உடைந்த பீப்பாய்களும் அதற்குள் தள்ளப்பட்டிருந்தன. தள்ளியவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கேயிருந்து மலர் வீட்டுக் கிணறு கூப்பிடு தூரம். பிறகு முகமூடி போட்ட ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மலர் வீட்டுக் கிணற்றுக்குக் கொங்கிறீற் தட்டு போடவும் நாள் குறித்தாயிற்று.

மலரிடம் இதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழுது உன் கிணறு மட்டும்தான் என்றேன். மற்றவர்களுடையது எல்லாம் நீ கொடுத்தது என்று சொல்லாமல் விட நினைத்தேன். அவள் விடவில்லை. ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஓம் என்று சொல்ல வேண்டியிருந்தது. விழுந்து வலிப்பெடுத்தவரின் வீட்டைக் கடைசியாகக் கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன். அவள் அழவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் சண்முகநாதன் அலுவலக வாசலில் நின்றார். மேலுக்குச் சட்டை இல்லை.

"ஐயா, ஒருக்கா வாங்கோ. விடியத் தொடக்கம் மலர் கிணத்துக்கட்டிலை இருக்கிறா. கூப்பிட்டால் திரும்பிப் பாக்கிறாவில்லை."

எங்கள் ஊரில் ஒரு பெண் கிணற்றுக்கட்டில் அப்படி இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தேன். நல்ல வெயில். பனையோலை ஒன்றும் அசையவில்லை, ஒரு காகமும் கத்தவில்லை. மலர் கிணற்றுக்கட்டில் இருந்தபடி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்லக் கிட்டப் போனேன். அவளுடைய முகம் கீழே தண்ணீரில் கிடந்தது. மேலே இருந்தவளைவிட அதுதான் தெளிவாகத் தெரிந்தது. அது அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"எவ்வளவு வடிவான தண்ணி" என்றாள் திரும்பாமலே. "ஊருக்கெல்லாம் நான்தானே அள்ளிக் குடுத்தனான். வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்டுக் குடுத்தனான்."

"உமக்குத் தெரியாது தங்கச்சி."

"கிணத்துக்குத் தெரியும். அது ஒரு வார்த்தை சொல்லேல்லை."

வீட்டுக்குள்ளிருந்து தர்சினி கூப்பிட்டாள். "அம்மா, பவுசர் இண்டைக்கும் வரேல்லை. தொட்டியிலை தண்ணி முடிஞ்சுது. விடாய்க்குது."

மலர் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். பிறகு இறங்கி, சேலையை உதறி, கொடியடியில் கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்தாள். புதுக்குடம், அந்தக் கிணற்றுத் தண்ணீர் படாதது. பொட்டுக்குள்ளால் வெளியே போனாள். பின்னால் நடந்தேன். அவள் தெற்கு ஒழுங்கைக்குள் திரும்பினாள்.

அந்த ஒழுங்கையார் தோண்டிய கிணறு பவளம் என்ற பெண்ணின் வளவில் இருந்தது; அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். மலரைவிட வயது கூட. மலர் படலைக்கு வெளியே நின்றாள். கூப்பிடவில்லை. குடத்தை இரண்டு கையாலும் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அப்படி நிற்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சின்ன வயதில் தன் வீட்டுப் படலையில் நின்றவர்களைப் பார்த்திருப்பாள். கை நடுங்கியது, குடமும் நடுங்கியது.

பவளம் நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய தாய் அந்தக் காலத்தில் குடத்தோடு காத்து நின்றவள் என்று பிறகு அறிந்தேன். அவள் "போ" என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து படலையைத் திறந்தாள். குடத்தை வாங்கவில்லை.

"உள்ளுக்கை வாங்கோ. கயிறு அங்கை கிடக்குது, அள்ளுங்கோ. இஞ்சை ஆரும் ஆருக்கும் வாத்து விடுறேல்லை."

மலர் உள்ளே போனாள். வாளியை இறக்கினாள். இழுக்கும்போது கை உதறி, வாளி சுவரில் அடிபட்டுத் தண்ணீர் பாதிக்கு மேல் சிந்திவிட்டது. இரண்டாம் தரமும் சிந்தியது. மூன்றாம் தரம் பவளம் பின்னால் வந்து, மலரின் கைக்குக் கீழே கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.

"பவளமக்கா, நாளைக்கும் வரலாமோ?" என்று கேட்டாள் மலர். அவளைவிட மூத்த அந்தப் பெண்ணை மலர் வீட்டார் அதுவரை வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"நாளைக்குப் பெரிய குடமாக் கொண்டு வாங்கோ. பிள்ளைத்தாச்சிக்கு உது காணாது."

பிறகு வடக்கு ஒழுங்கைப் பெண்களும் அங்கேதான் அள்ளினார்கள். மலரின் கை நடுக்கம் நிற்கக் கனகாலம் எடுத்தது, மற்றவர்களுக்கும் அப்படித்தான். வலிப்பு வந்தவர் இன்னும் மருந்து எடுக்கிறார். டொக்டர் மாற்றலாகிப் போகும்வரை பவளம் வீட்டுக் கிணற்றில் மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தார். கல்லுக்குக் கீழே தண்ணீர் நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று தன்னால் எழுதித் தர முடியாது என்பார்.

தர்சினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நிறையும் நிறமும் அழுகையும் எல்லாம் சரி. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வவுனியாவிலிருந்து விடுமுறைக்கு வந்தால் மலர் அவளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கோப்பாய்க்கு என் வீட்டுக்கு வருவாள். வேறு கதை ஒன்றும் கதைக்கமாட்டாள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "இனிப் பயமில்லைத்தானே ஐயா?" என்பாள். அந்த மருந்து ஒரு பிள்ளைக்குள் எத்தனை காலம் ஒளித்திருக்கும், இருந்தால் என்றைக்கு எழும்பும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டு, இரண்டு கையையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வேன். மலர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள். விரல்கள் அசையாமல் நிற்கும்.

"இண்டைக்கு ஒண்டுமில்லை தங்கச்சி" என்பேன்.